மிளகாய்ப் படம் போட்டால் ஆயிற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நள்ளிரவிலும் திறந்திருக்கும் உணவகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மற்ற கடைகளுக்கெல்லாம் நட்சத்திரம் கொடுத்த உங்கள் எழுத்தாளர், சீனாவின் சிச்சுவான் மாகாணச் சமையல் கடைகளுக்கு மட்டும் காரத்தைக் காட்ட மிளகாய்ப் படம் போட்டிருக்கிறார். ஐந்து மிளகாய் வாங்கிய கடைக்கு வயிற்றில் கோளாறு உள்ளவர்கள் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வேறு. இரவுப் பணி முடிந்து பெரும்பாலும் இப்படிப்பட்ட கடைகளில்தான் சாப்பிடுகிறேன். இந்த மிளகாய்க் கணக்கை நம்பிப் போகிறவர் தனக்கு ஒத்துவராத தட்டைத்தான் வாங்கிக்கொண்டு உட்காருவார்.

அந்தச் சமையலில் நாக்கை மரத்துப்போகச் செய்வது மிளகாய் இல்லை, ஹுவாஜியாவ். சிச்சுவான் மிளகு என்று பெயர்தானே தவிர, அது மிளகு இனமே கிடையாது. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காய்ந்த காயின் தோலைத்தான் சமையலில் சேர்ப்பார்கள். உள்ளே இருக்கும் கறுப்பு விதை பல்லில் நறநறக்கும் என்பதால் அக்கறையுள்ள சமையற்காரர் அதை எடுத்துவிடுவார். அந்தத் தோலில் உள்ள சான்ஷூல் என்ற சத்து தொடு உணர்ச்சி நரம்புகளைக் கிளப்பிவிடுகிறது. உதட்டில் அது உண்டாக்கும் துடிப்பு நொடிக்குச் சுமார் 50 அதிர்வுகளுக்குச் சமம் என்று யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். மிளகாயின் எரிச்சல் வேறு சங்கதி. போதாக்குறைக்கு, மிளகாய் சீனாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஹுவாஜியாவ் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருக்கிறது.

லாஜிஜி என்ற கோழி வறுவலைப் பாருங்கள். தட்டு நிறையக் காய்ந்த மிளகாய் குவிந்து வரும். பார்த்த உடனே ஐந்து மிளகாய் கொடுக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த மிளகாயை யாரும் சாப்பிடுவதில்லை. மணத்துக்காக எண்ணெயில் போட்டதோடு அதன் வேலை முடிந்தது. குச்சியால் கிளறி, இடுக்கில் கிடக்கும் கோழித் துண்டுகளைப் பொறுக்க வேண்டும். மாப்போ டோஃபு என்ற சோயாப் பன்னீர்க் குழம்பு நேர் எதிர். முழு மிளகாய் ஒன்றுகூடக் கண்ணில் படாது. சிச்சுவானின் தலைநகர் செங்டுவுக்குப் பக்கத்துப் பிசியான் பகுதியில் பெயர்பெற்ற டோபன்ஜியாங் என்ற புளிக்கவைத்த அவரை மிளகாய் விழுது, மேலே தூவிய ஹுவாஜியாவ் பொடி, அவ்வளவுதான். உதடு துடிப்பது இதில்தான். மடமடவென்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் அடங்காது, ஏனென்றால் மிளகாயின் காரச் சத்து தண்ணீரில் கரையாது. வெறும் சோறு மேல்.

காரம் ஆகாதவர்களுக்கும் அங்கே சாப்பாடு இருக்கிறது. பூண்டு போட்டு நசுக்கிய வெள்ளரிக்காய், தக்காளி முட்டை சூப். கொஞ்சம் காரம் தாங்கும் என்றால், புளிப்பும் இனிப்புமாக வரும் யுஷியாங் கத்தரிக்காய். கடையிலேயே “காரம் கம்மியா, நடுத்தரமா, அதிகமா?” என்று மட்டும்தான் கேட்கிறார்கள் என்பதும் உண்மைதான். சரி, அவர்களுக்குக் கூட்ட நேரத்தில் அவ்வளவுதான் முடியும். ஹுவாஜியாவைக் குறைத்துப் போடுங்கள் என்று நாமாகச் சொன்னால் செய்து தருவார்கள்.

அப்புறம், கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம். இரண்டு மணி வரை திறந்திருக்கும் என்றால் கதவுதான் திறந்திருக்கும், அடுப்பு இல்லை. பெரிய வாணலியைக் கழுவ ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் வறுவல் கிடையாது. முன்பே செய்து வைத்த குளிர்ந்த கோழியும் டான்டான் நூடுல்ஸும்தான் மிஞ்சும். அவையும் நன்றாகவே இருக்கும், ஆனால் மீனுக்கு ஆசைப்பட்டு வந்தவர் என்ன செய்வார்?

அடுத்த முறை பட்டியல் போடும்போது கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு கடைக்கும் கேட்டுப் போடுங்கள். மிளகாயை விட மனமில்லை என்றால் இருக்கட்டும், மரப்புக்குத் தனியாக ஒரு படம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணி வாசகர் ஒருவர்