மழை விடுமுறையும் இணைய வகுப்பும்

ஆசிரியருக்கு வணக்கம். மலைப்பகுதிகளில் மழை விடுமுறை நாட்களில் இணையவழி வகுப்பு நடத்தலாம் என்ற யோசனை பற்றிய செய்தியைப் படித்தேன். பாடம் விடுபடாது, சரி. ஆனால் நீலகிரியில் பள்ளியை மூட வைக்கும் அதே மழையும் காற்றும்தான் மரத்தைச் சாய்த்து மின்கம்பியையும் அறுக்கின்றன.

2020 ஊரடங்கில், பந்தலூர் பக்கம் எங்கள் லைன் வீட்டில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) சிக்னல் எட்டவில்லை. தேயிலைச் சரிவுக்கு மேல் ஒரு பாறையில் குடை பிடித்து உட்கார்ந்துதான் என் மகள் கணக்குப் பாடம் கேட்டாள். அட்டைக்கடி தனிக்கதை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஆசிரியர் பதிவுசெய்து அனுப்பிய பாடத்தை மட்டும் இரவில் நான்கு முறை போட்டுக் கேட்டாள்; வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை அவள். எனவே நேரலையைக் கட்டாயமாக்காமல், பதிவான பாடங்களைத் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் முன்பே, ஜூன் தொடக்கத்தில், மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கலாம்.

- ஒரு வாசகர், பந்தலூர்