"வைட்டமின் ஏ" என்று மட்டும் எழுதாதீர்கள்: சத்து மாத்திரை தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாவர உணவுக்காரர்களுக்கென்று சத்து மாத்திரை தயாரிப்பவர்களுக்கும், அந்த டப்பாவின் மேல் என்ன எழுத வேண்டும் என்று விதி வகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டில் ஒரே டப்பாவிலிருந்து மூன்று பேர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஒன்பது வருடமாகப் பால், முட்டைகூட இல்லாத தாவர உணவில் இருப்பவன். தங்கை அப்போது ஏழு வாரக் கர்ப்பிணி. அப்பா நாற்பது வருடமாகப் புகை பிடிப்பவர். டப்பாவில் "வைட்டமின் ஏ - 10,000 ஐ.யூ." என்று இருந்தது (ஐ.யூ. என்பது வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு). தங்கையைப் பார்த்த மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "இது ரெட்டினாலா, பீட்டா கரோட்டினா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. டப்பாவிலும் போடவில்லை. தெரியும்வரை தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று இரவே தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். "எங்கள் தயாரிப்பு முழுக்க முழுக்கத் தாவர உணவுக்காரர்களுக்கு ஏற்றது" என்று பதில் வந்தது.

நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை. ரெட்டினால் என்பது உடம்பு நேரடியாகப் பயன்படுத்தும் வைட்டமின் ஏ. உணவில் அது இயற்கையாகக் கிடைப்பது ஈரல், முட்டை, பால் போன்ற விலங்குப் பொருள்களில் மட்டும்தான். செடி தருவது கரோட்டின். அதை உடம்புதான் ரெட்டினாலாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் மாத்திரையின் கதை வேறு. 1947-ல் ஓட்டோ ஐஸ்லரின் குழு வைட்டமின் ஏ-வை வேதிமுறையில் தயாரித்துக் காட்டியது. இன்று மாத்திரைகளில் சேரும் ரெட்டினைல் பால்மிடேட் (ரெட்டினாலின் ஒரு வடிவம்) பெரும்பாலும் ஆலையில் செய்யப்படுவதுதான். அதைப் பொதிந்து வைக்கும் மணிகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இல்லையென்றால் தாவர உணவுக்காரரும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆக, தாவர உணவுக்கு ஏற்ற மாத்திரை என்றால் உள்ளே இருப்பது பீட்டா கரோட்டின்தான் என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த 10,000 ஐ.யூ.வையே எடுத்துக்கொள்வோம். அது ரெட்டினால் என்றால் 3,000 மைக்ரோகிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு இதற்கு மேல் கூடாது என்று வைத்திருக்கும் உச்ச வரம்பே அதுதான். மாத்திரையில் உள்ள பீட்டா கரோட்டின் என்றாலும் கணக்கில் 3,000 மைக்ரோகிராமுக்குச் சமம்தான்; ஆனால் அந்த உச்ச வரம்பு ரெட்டினாலுக்குத்தான், கரோட்டினுக்கு இல்லை. காய்கறியில் உள்ள பீட்டா கரோட்டின் என்றால் வெறும் 500. எழுதியிருக்கும் எண் ஒன்றுதான். அமெரிக்காவில் 2016-ல் விதியைத் திருத்தி, லேபிளில் ஐ.யூ.வை விட்டு மைக்ரோகிராமுக்கு மாறச் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் இன்னும் எத்தனையோ டப்பாக்களில் ஐ.யூ.தான் நிற்கிறது.

தங்கையை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. அமெரிக்காவில் 22,000-க்கும் அதிகமான கர்ப்பிணிகளின் விவரங்களைச் சேகரித்து 1995-ல் ஓர் ஆய்வு வெளியானது. ரெட்டினால் வகை வைட்டமின் ஏ-வை மாத்திரையாக தினமும் 10,000 ஐ.யூ.வுக்கு மேல் எடுத்தவர்களின் குழந்தைகளில், ஏறக்குறைய 57-ல் ஒன்றுக்கு அந்த மாத்திரையால் பிறவிக் குறை வந்திருக்கலாம் என்று அது கணக்கிட்டது. கரு உருவாகும் முதல் வாரங்களில்தான் ஆபத்து அதிகம். அதாவது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாத நாள்களில். பீட்டா கரோட்டினுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ரெட்டினால் போதுமான அளவு சேர்ந்தால் கரோட்டினை மாற்றும் வேலையை உடம்பே குறைத்துக்கொள்கிறது.

சரி, அப்படியானால் எல்லோருக்கும் பீட்டா கரோட்டினையே கொடுத்துவிடலாமே? அங்கேதான் அப்பா வருகிறார். பின்லாந்தில் 50 முதல் 69 வயதுவரை உள்ள 29,133 ஆண்கள், எல்லோரும் புகை பிடிப்பவர்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அவர்களில் ஒரு பகுதியினருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையிலும் இதே கதைதான். 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். உங்கள் மாத்திரையில் அவ்வளவு இருக்காது என்பீர்கள். இருக்காமல் இருக்கலாம். ஆனால் 25,000 ஐ.யூ. என்று விற்கும் பீட்டா கரோட்டின் மாத்திரையில் வழக்கமாக இருப்பது 15 மில்லிகிராம். அது 20-லிருந்து அவ்வளவு தூரமில்லை. அப்பாவுக்கு யார் இந்தக் கணக்கைப் போட்டுச் சொல்வது?

மூன்றாவது ஆள் நான். கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்குமாகத் தின்று ஒரு கட்டத்தில் என் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலையோ என்று பயந்தோம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்ததால் அது கரோட்டின் சேர்ந்த நிறம்தான், ஆபத்தில்லை என்றார்கள். எனக்கு வைட்டமின் ஏ கொட்டிக் கிடக்கிறது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். தப்பு. கரோட்டின் ரத்தத்தில் ஏறியது என்பதைத்தான் உள்ளங்கை சொல்லும். அது ரெட்டினாலாக மாறியதா என்று சொல்லாது. மாற்றும் நொதிக்கான மரபணு எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. 2009-ல் வந்த ஓர் ஆய்வில், அந்த மரபணுவில் இரண்டு மாறுபாடுகளைச் சேர்த்துச் சுமந்த பெண்களுக்கு மாற்றும் திறன் 69 சதவீதம் குறைவாக இருந்தது. ரத்தப் பரிசோதனையும் சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. கல்லீரலில் இருப்பு ஏறக்குறையத் தீரும்வரை ரத்தத்தில் ரெட்டினால் அளவு பெரிதாக இறங்குவதில்லை.

என்னைப் போன்றவர்கள் காய்கறியை வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயோடு சாப்பிட வேண்டும். அப்போதும் போதாத சிலருக்குச் சிறிய அளவு ரெட்டினாலே தேவைப்படும். உச்ச வரம்பைத் தொடும் அளவு வேண்டியதில்லை; ஒரு நாளைக்குப் பெண்ணுக்கு 700 மைக்ரோகிராம், ஆணுக்கு 900 என்பதுதான் மொத்தத் தேவையே. அதில் ஒரு பகுதியை மட்டும் ரெட்டினாலாகத் தரும், ஜெலட்டின் இல்லாத மாத்திரைகளைச் செய்யுங்கள். பெரிய எண்ணைப் போட்டால்தான் விற்கும் என்ற எண்ணத்தை இந்த ஒரு சத்திலாவது விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

விதி வகுப்பவர்களே, உங்களிடம் கேட்பது இரண்டே வரி. "ரெட்டினால்: இத்தனை மைக்ரோகிராம். பீட்டா கரோட்டின்: இத்தனை மைக்ரோகிராம்." ஒன்றில் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே போடச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, ரெட்டினால் இருந்தால் கர்ப்பிணிகளுக்கும், பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தால் புகை பிடிப்பவர்களுக்கும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் ஒரு எச்சரிக்கை.

தங்கைக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த டப்பா இன்னும் பாதி மாத்திரைகளோடு அலமாரியில் இருக்கிறது. இரண்டாவது முறையும் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாத்திரையை நம்பி வாங்கும் ஒருவன்