மாலாதாங் சூப்புல மாட்டுக் கொழுப்பு இருக்கா இல்லையா, போர்டுல எழுதுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்குல இப்ப எந்தப் பக்கம் திரும்புனாலும் மாலாதாங்னு காரமான சீன சூப்பு விக்கிற கடை ஒண்ணு கண்ணுல படுது, கர்னி பக்கத்து மால் மட்டும் இல்ல, சாதாரண கடைவீட்டு வரிசையிலயும் வந்துருச்சு. மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்து மகி கோரேங்கும் தே தாரிக்குமா ராத்திரிய ஓட்டுன நம்ம பிள்ளைங்க இப்ப கும்பலா அங்கதான் போறாங்க. நானும் போறவன்தான், எனக்கும் பிடிக்கும், அதனால இத சீனக் கடைக்குப் போகாதீங்கனு சொல்ற கடுதாசியா யாரும் எடுத்துக்க வேணாம்.

போகாத பெரியவங்களுக்காக சொல்றேன். உள்ள போனதும் ஒரு பெரிய கிண்ணமும் இடுக்கியும் எடுத்துக்கணும், கங்கோங், தாமரைக் கிழங்கு, காளான், சோயாவுல செஞ்ச தாவ்ஃபூ, ஃபூசோக், பிஷ்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவுல செஞ்ச அகல மீ இப்படி வரிசையா வச்சிருப்பாங்க, வேணுங்கறத நாமளே அள்ளிப் போட்டுக்கணும், கவுன்டர்ல நிறுத்து 100 கிராம் இத்தன வெள்ளினு கணக்குப் போடுவாங்க. அப்புறம் எந்த சூப்பு, எவ்ளோ காரம்னு கேட்டுட்டு உள்ள கொண்டு போயி வேக வச்சுக் குடுப்பாங்க. (தண்ணி சொட்டச் சொட்ட இருக்குற கீரையையும் காளானையும் நல்லா உதறிட்டுப் போடுங்க, இல்லனா தண்ணிக்கும் சேத்துதான் காசு.) அந்தக் காரத்துல நாக்கு மரத்துப் போறதுக்குக் காரணம் மிளகாய் இல்ல, சிச்சுவான் மிளகு. பேருதான் மிளகு, உண்மையில அது எலுமிச்சை, நம்ம கருவேப்பிலை எல்லாம் சேர்ந்த குடும்பம், அதனாலயோ என்னமோ நம்ம ஆளுங்களுக்கு அந்த வாசனை உடனே ஒத்துப் போயிடுது.

என் பிரச்சினை அந்த செவப்பு சூப்பு மேல மிதக்குற எண்ணெய். சிச்சுவான், சோங்சிங் பக்கத்து காரமான ஹாட்பாட் (மேசையிலயே கொதிக்கிற சூப்பு, மாலாதாங்குக்கு சொந்தக்காரன்) மசாலாவ மாட்டுக் கொழுப்புலதான் வதக்குறது வழக்கம். மிளகாய் வாசனை அதுலதான் நல்லா பிடிக்கும், காரமும் நாக்குல தங்கும். சரி, காரமே வேணாம், வெள்ளை சூப்பு குடுங்கனு சொன்னா தப்பிச்சோமானா அதுவும் கிடையாது, வடகிழக்குச் சீனாவுல ஹார்பின் பக்கம் வளர்ந்த மாலாதாங்ல எலும்பு சூப்புல பால் சேர்ப்பாங்க, அது என்ன எலும்புனு கேக்காம தெரியாது. ஆக கிண்ணத்துல வெறும் கீரையும் தாவ்ஃபூவும் போட்டுட்டு நான் இன்னைக்கு சைவம்னு உக்காந்திருக்குற பிள்ளைக்கு என்ன சூப்பு வருதுன்னே தெரியல.

கேட்டுப் பாருங்களேன். ஒரு கடையில "மின்யாக் லெம்பு அடா?" (மாட்டுக் கொழுப்பு இருக்கா)னு நான் மலாய்லயே கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுகிட்டே சுவத்துல இருக்குற போர்ட காட்டி "நோ போர்க், நோ லார்ட், அண்ணே"ங்குது. நான் கேட்டது மாடு, பதில் வந்தது பன்றி. அது மேல கோவப்பட்டு என்ன பண்றது, அதுக்கு சொல்லிக் குடுத்தது அவ்ளோதான். ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேரு அந்த போர்ட பாத்துட்டு அப்பாடான்னு உக்காந்துடுறாங்க. கொஞ்சம் யோசிங்க, பன்றி இல்ல, பன்றிக் கொழுப்பு இல்லனு சொல்ற கடையில மாட்டுக் கொழுப்பு இருக்கறதுக்குத் தடை ஒண்ணும் இல்ல. அரசாங்க இஸ்லாமிய இலாகா ஜாக்கிம் குடுக்குற ஹலால் முத்திரையே இருந்தாலும் அதே கதைதான், முறைப்படி அறுத்த மாடு ஹலால் தானே. அந்த போர்டு முஸ்லிம் சகோதரர்களுக்காக வச்சது, வச்சது நல்லது, ஆனா நமக்கு அதுல ஒரு தகவலும் இல்ல.

இத்தனைக்கும் நம்ம நாட்டு சட்டத்துக்கு இந்த விஷயம் தெரியாதது இல்ல. 1985 உணவு விதிமுறைகள் என்ன சொல்லுதுன்னா, பாக்கெட்டுல அடைச்சு விக்கிற உணவுல மாடோ பன்றியோ, அதுல இருந்து எடுத்ததோ இருந்தா லேபிள்ல அத எழுதியே ஆகணும். அதாவது சூப்பர்மார்க்கெட்ல ஹாட்பாட் பேஸ்ட் பாக்கெட்ட எடுத்தா நான் திருப்பிப் படிச்சுட்டு வாங்கலாம் இல்ல வச்சுடலாம். அதே மாதிரி பாக்கெட்ட கடைக்காரர் சமையல்கட்டுல கிழிச்சு சட்டியில கொட்டிட்டா அந்தத் தகவல் குப்பைத்தொட்டிக்குப் போயிடுது, கிண்ணம் மேசைக்கு வரும்போது படிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

இது இந்துக்கள் பிரச்சினை மட்டும்னு நெனச்சுடாதீங்க. குவான் யின் அம்மனக் கும்பிடுற சீனக் குடும்பங்கள்ல மாடு தொடாதவங்க எத்தன பேரு, பினாங்குக்காரங்களுக்கு நான் சொல்லணுமா. சீனர்களோட ஒன்பதாவது மாசத்துல ஒன்பது பேரரசர் தெய்வ விழானு ஊரு முழுக்க மஞ்சள் கொடி பறக்கும்போது அவங்க சைவம்தான் சாப்பிடுறாங்க. நம்ம பக்கம் புரட்டாசி சனி, தைப்பூச விரதம். இவங்க எல்லாருக்கும் ஒரே போர்டு போதும்.

நான் கேக்குறது இதுதான். ஒவ்வொரு சூப்பு பேருக்குப் பக்கத்துலயும் மாட்டுக் கொழுப்பா, எலும்பு சூப்பா, தாவர எண்ணெயானு மலாய்ல, இங்கிலீஷ்ல, சீனத்துல ஒரு வரி எழுதணும், தமிழும் இருந்தா சந்தோஷம். மாட்டிறைச்சி தட்டுல கெடக்குற இடுக்கி கீரைத் தட்டுக்கு வரக்கூடாது. சைவம்னு சொன்னா எல்லாரோட வேக வைக்கிற கூடைகளும் முங்குற அதே சட்டியில முக்காம தனிச் சட்டியில வேக வைக்கணும், முடியலனா முடியாதுனு நேரா சொல்லிடணும், அதுகூட மரியாதைதான். மாநகர் மன்றம் கடை லைசென்ஸ் புதுப்பிக்கிறப்ப இத ஒரு நிபந்தனையா வச்சா என்ன? பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இத கையில எடுத்தா நல்லா இருக்கும்.

பிடிக்கலனா போகாதீங்கனு சில பேரு சொல்வாங்க, தெரியும். போகாம இருக்கணுமா வேணாமானு முடிவு பண்ணத்தான் அந்த ஒரு வரிய எழுதச் சொல்றேன். வியாபாரம் படுத்துடும்னும் பயப்பட வேணாம், சீனாவுலயே தாவர எண்ணெயில செய்யிற ஹாட்பாட் மசாலா தனியா விக்குறாங்க, அத ஒரு சட்டியில வச்சு போர்டுல எழுதிப் போடட்டும், மொத ஆளா நான் கிண்ணத்தோட நிக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர்,
பினாங்கு