பச்சை உடம்புக்காரிக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சுகர் கிளைடரின் குட்டி கண் திறந்துவிட்டது. இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருக்கின்றன. கால்நடை டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "இனிமே பெரிய பயம் இல்லம்மா" என்று பதில் வந்தது. அந்த வார்த்தை வரட்டும் என்றுதான் இந்த நன்றியை எழுதாமல் வைத்திருந்தேன். அதற்கு முன்னால் எழுதினால் கண் பட்டுவிடும் என்று அம்மா சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன்.

தாய்க்காரி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தாள், அந்த முதல் வாரம் எப்படிப் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அதில் கூடவே இருந்தீர்கள். அவளைக் கூண்டோடு விட்டுப் போனவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நீங்களும் யாரையும் தேடிப் போக வேண்டாம்.

விவரம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் அணில் இல்லை. தெருவில் எல்லோரும் பறக்கும் அணில் என்றே சொல்கிறார்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறாள். ஆனால் கங்காருவைப் போல வயிற்றில் பை உள்ள இனம். சுகர் கிளைடர் என்று பெயர், சொந்த ஊர் ஆஸ்திரேலியா. பதினாறு நாள் கர்ப்பத்திலேயே குட்டி பிறந்துவிடும், அப்போது அது ஓர் அரிசி மணி அளவுதான். அந்த அளவிலேயே தானாக ஊர்ந்து தாயின் பைக்குள் போய், முலைக்காம்பைப் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய 70 நாள் உள்ளேயே வளரும். வெளியே வந்த பிறகும் பத்து நாள் போலக் கண் மூடித்தான் இருக்கும். இந்தச் சமயத்தில் தாய் மிரண்டால் குட்டியைக் கைவிட்டுவிடும், சில நேரம் கொன்றும் விடும். எங்களுக்கு ராத்தூக்கம் போனது இதனால்தான். இவளோ மனிதர் கையே பழகாதவள். கூண்டுப் பக்கம் நிழல் விழுந்தாலே போதும், ஸ்டார்ட் ஆகாத பழைய மொபெட்டை உதைப்பது மாதிரி கர்ர் கர்ர் என்று விடாமல் கத்துவாள். உள்ளங்கையில் அடங்கும் உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அம்மாதான் முதல் நாளே சட்டம் போட்டார். "பச்சை உடம்புக்காரி. யாரும் அந்த ரூம் பக்கம் போகக் கூடாது." பகலில் ஜன்னலுக்குத் திரை, ராத்திரியில் சிவப்பு நைட் லேம்ப், மிக்ஸி பின்கட்டில். அவ்வளவுதான் ஏற்பாடு. பழக்கப்படுத்துகிறேன் என்று கையை நீட்டுவது, பிடித்துத் தடவுவது எதுவும் கிடையாது. என் பழைய பனியன் ஒன்றைக் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தோம், வாசனை மட்டும் பழகட்டும் என்று.

இப்போது நான் முக்கியமாக நன்றி சொல்ல வேண்டியவரிடம் வருகிறேன். கஸ்பா பக்கம் தையல் கடை வைத்திருக்கும் பாய். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கூண்டோடு வந்தபோது அவள் படுக்கை ஒரு கிழிந்த டர்க்கி டவல். அதிலிருந்து இழுபட்ட நூல் அவள் பின்கால் விரலில் சுற்றியிருந்தது. அதை எடுத்துவிட்ட டாக்டரம்மா, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ரத்தம் ஓடாமல் விரலே போயிருக்கும் என்றார். குட்டி வெளியே வந்த பிறகு அதே நூல் கழுத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். பிசிறே வராத ஃபிளீஸ் துணியில், உள்ளே தையல் தெரியாத பை ஒன்று உடனே வேண்டும். அதைக் கூண்டில் தொங்கவிட்டால் மரப்பொந்து என்று நினைத்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

துணிக்கு வழி கிடைத்தது. குழந்தைகளுக்குப் போர்த்துகிற ஃபிளீஸ் போர்வை ஒன்றை என் சித்தி எடுத்துக் கொடுத்தார். தைக்கத்தான் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரம். வேலூரில் எந்தத் தையல் கடையிலும் யூனிஃபார்ம் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் நாட்கள் அவை. கையளவு பை ஒன்றைத் தைக்கச் சொன்னால் யாரால் முடியும்? அவர்கள் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பாய் கடையிலும் யூனிஃபார்ம்தான் மலையாகக் கிடந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நகம் எப்படிம்மா இருக்கும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மரத்தைப் பிடித்து ஏறுகிற பிராணி, நகம் உள்பக்கமாக வளைந்திருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், அவர் வீட்டம்மா வைத்திருந்த ஆரி ஊசியைக் கொண்டுவந்தார். ஆரி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஊசியின் நுனியில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கும். "இந்த மாதிரியா?" என்றார். அதே மாதிரிதான்.

அப்புறம் அவர் செய்ததை நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் நியூஸ் பேப்பரில் அளவு வெட்டினார். துணியை வெட்டி, நல்ல பக்கம் வெளியே இருக்க ஒரு தையல் போட்டு, ஓரத்தை ஒட்ட நறுக்கி, திருப்பிப் போட்டு அந்த ஓரம் உள்ளே மூடிக்கொள்கிற மாதிரி இன்னொரு தையல் போட்டார். பிறகு ஆரி ஊசியை எடுத்துப் படுக்கையாகப் பிடித்து, தையல் மேல் அழுத்தாமல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் கொக்கி மாட்டியது. எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அவர் பேசாமல் முழுத் தையலையும் பிரித்தார். தையலை இன்னும் நெருக்கமாக வைத்து மறுபடி தைத்தார். மறுபடி ஊசியை இழுத்தார். பையின் வாய்ப் பக்கம் மாட்டியது. அதையும் பிரித்தார். பக்கத்தில் கட்டுக் கட்டாகச் சீருடைகள் காத்துக் கிடக்கின்றன, வாசலில் ஓர் அப்பா பையனோடு நின்று மணி பார்க்கிறார். பாய் அந்தச் சின்ன வாயைத் திரும்பத் தைத்துக்கொண்டிருக்கிறார். "அவசரப்படாதீங்க வாத்தியாரே, இது உயிர் சமாச்சாரம்" என்று அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அந்த அப்பாவும் சரி என்று உட்கார்ந்துவிட்டார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் நன்றி.

கடைசியில் ஊசி எங்கேயும் மாட்டாமல் உள்ளும் புறமும் வழுக்கிக்கொண்டு போனது. அந்த நேரம் பாய் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. ஒன்று துவைக்கும்போது மாற்று வேண்டுமே என்று இன்னொன்றும் தைத்தார். "சோப்பு போடாம வெறும் தண்ணில அலசுங்க. புதுத்துணி வாசனை போகட்டும். பழைய டவல்ல நூல் இல்லாத துண்டா பார்த்து உள்ள வைங்க, அவ வாசனை இருந்தாத்தான் போவா" என்றார். இதையே அன்று சாயங்காலம் டாக்டரம்மாவும் சொன்னார். பாய்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

காசு எவ்வளவு என்று கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டார். "பிறந்த குழந்தைக்கு முதல் சட்டை தைச்சா நான் காசு வாங்கறதில்லம்மா. இதுவும் அதுதான்."

வீட்டுக்கு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன். அதற்கும் வேண்டாம் என்றார். "பயந்த சீவன். நான் எதுக்கு வந்து நிக்கணும்? நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா போதும்."

பாய் இன்று வரைக்கும் அவளைப் பார்க்கவில்லை. எனக்கு இதை நினைக்க நினைக்க நெஞ்சு நிறைகிறது. அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு நிறையப் பேர் வந்தார்கள், அன்பாகத்தான் வந்தார்கள். ஒரு தடவை காட்டு, கையில் கொடு, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். அதில் தப்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் தான் பார்க்கவே போகாத ஒரு பிராணியின் நகத்தை மனதில் வைத்துக்கொண்டு தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாரே, அந்த அக்கறை என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. அவள் அந்தப் பைக்குள் முதல் தடவை போன ராத்திரி பாய்க்கு போன் செய்து சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு குட்டி தாயின் வயிற்றுப் பையை விட்டு வெளியே வந்ததும், கண் திறந்ததும் அந்த ஃபிளீஸ் பைக்குள்தான்.

மற்றவர்களைத் தனித்தனியாக எழுதினால் முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். லாங் பஜார் நாட்டு மருந்துக் கடைக்காரர், ஆஸ்திரேலியாவில் இது வேல மரத்துப் பிசினையும் தின்னும் என்று கேட்டதும், கருவேலம் பிசினில் தூசி தும்பு இல்லாத கட்டிகளாகப் பொறுக்கிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஊற வைத்துக் கொடுத்ததைத்தான் அவள் முதன்முதலாக ஆசையாகத் தின்றாள். எதிர்வீட்டுத் தம்பி மருந்து அடிக்காத தோட்டம் தேடிப் போய் வெட்டுக்கிளி பிடித்துத் தந்தான். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். கரண்ட் போன ராத்திரிகளில் மாடி வீட்டு அக்கா தன் இன்வர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து அந்த அறைக்கு ஃபேன் ஓட வைத்தார், தன் வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு. திருவிழாவுக்குக் கட்டிய ஸ்பீக்கரை எங்கள் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்த தெருப் பையன்களையும் மறக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு என்ன சொல்வது? வெறும் பழம் கொடுத்தால் பின்கால் விழுந்துவிடும், பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு போக வேண்டும் என்று கணக்குப் போட்டு, முட்டை எவ்வளவு, பழம் எவ்வளவு, பொடி எவ்வளவு என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார். பால் கொடுக்கிற தாய்க்குத் தன் எலும்பிலிருந்தே சத்து போய்விடும் என்று அவர் சொன்னபோது அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். நடுராத்திரி போனை எடுத்ததற்கெல்லாம் நான் எப்படிக் கைம்மாறு செய்வேன்?

ஜவ்வாது மலையில் விட்டுவிடலாமே, அமிர்தி காட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமே என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தில் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். இது நம் காட்டுப் பிராணி இல்லை. ஆஸ்திரேலியாவிலேயே, டாஸ்மேனியா தீவுக்கு 19ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் கொண்டுபோன சுகர் கிளைடர்கள் இன்று அங்கே மரப்பொந்தில் அடைகாக்கும் ஸ்விஃப்ட் கிளிகளைக் கூட்டிலேயே கொன்று தின்கின்றன. அந்தக் கிளி அழியும் நிலைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். நம் மலையிலும் பொந்தில் முட்டையிடுகிற கிளிகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம், கூண்டிலேயே வளர்ந்த இவளுக்கு அங்கே பாம்பும் ஆந்தையும் எது என்றே தெரியாது.

குட்டி வளர்ந்ததும் எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தர மாட்டேன். விற்கவும் மாட்டேன். இவை கூட்டமாக வாழ்கிற இனம், தனியாகக் கிடந்தால் ஏங்கித் தன் உடம்பையே கடித்துக்கொள்ளும். ஆண் குட்டி என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பால் மறந்து, உரிய வயது வந்ததும் கருத்தடை செய்துவிட்டுத் தாயோடேயே வைத்துக்கொள்வேன். நன்றாக வளர்த்தால் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். அவளாக என் கைக்கு வந்தால் வரட்டும். வராவிட்டால் வராமலே இருக்கட்டும், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சோறு வைப்பேன். இதை அம்மா முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னாலும் செய்கிறேன்.

பாய் வெட்டிய நியூஸ் பேப்பர் அளவு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஏறக்குறைய 9 அங்குல நீளம், 7 அங்குல அகலம், மேலே கூண்டில் மாட்ட இரண்டு காது. நம் மாவட்டத்தில் எங்காவது இதே மாதிரி ஒரு பிராணி யார் கைக்காவது வந்து சேர்ந்திருந்தால் சொல்லி அனுப்புங்கள், அந்த அளவை நகல் எடுத்துத் தருகிறேன். உங்கள் ஊர்த் தையல்காரரிடம் ஆரி ஊசி விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். ஃபிளீஸ் போர்வையில் பாதி மிச்சம் இருக்கிறது, முதலில் கேட்பவர்களுக்கு அதையும் கொடுத்துவிடுகிறேன்.

நன்றியுடன்,
சத்துவாச்சாரியிலிருந்து அம்மாவும் நானும்