எண் கைமாறும் முன் குரலை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் வளைகுடாவிலும் ஆண்கள் ஆழ்கடலிலும் இருக்கிற குமரி மாவட்ட வீடுகளில் பாதிப் பேச்சு வாட்ஸ்அப் குரல் செய்தியில்தான் நடக்கிறது. ஆள் போனபின் வீட்டாருக்கு மிஞ்சும் குரலும் அதுவே. பதினாறாம் நாள் சடங்குக்கும் நினைவுத் திருப்பலிக்கும் நாள் குறிப்பவர்கள், இறந்தவரின் கைபேசிக்கும் கெடு இருப்பதைக் கவனிப்பதில்லை.

பிரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். துண்டித்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும். அவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கினால், ‘அப்பா’ என்று நாம் சேமித்த பெயரில் முன்பின் தெரியாதவர் படம் வந்து நிற்கும். எண் வேண்டுமென்றால் இறப்புச் சான்றிதழும் வாரிசின் அடையாள அட்டையும் கொண்டுபோய்ப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். கடலில் காணாமல் போனவர் வீட்டில் அந்தச் சான்றிதழே எளிதில் கிடைக்காது. இறந்தவராகக் கருத 7 ஆண்டு என்பதே பொது விதி. அவர்கள் ரீசார்ஜை விடாமல் போட்டு வருவதே வழி.

வாட்ஸ்அப்பின் கெடு வேறு. 120 நாள் இணையத்தோடு தொடர்பில்லாத கணக்கை அது பொதுவாக நீக்கிவிடும். குடும்பக் குழுவில் திடீரென்று ‘வெளியேறினார்’ என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். யாரோ போனை நோண்டிவிட்டதாக இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

பூட்டிய போனைத் திறக்கக் கடைக்கு ஓடுவதுதான் பெரிய தவறு. ‘லாக் எடுத்துத் தருகிறோம்’ என்றால் பெரும்பாலும் போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்தான். இன்றைய போன்களில் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அதன்பின் உள்ளே இருந்த எதையும் மீட்க முடியாது. வீட்டார் யாருடைய கைரேகையாவது பதிந்திருந்தால் போனை அணைய விடாமல் சார்ஜில் வையுங்கள். அணைந்து எழுந்த போன் கைரேகையை ஏற்காது, பூட்டைத் திறக்கும் பின் (PIN) எண்ணைக் கேட்கும்.

உண்மையில் அந்தப் போனைத் திறக்க வேண்டிய தேவையே பலருக்கு இல்லை. அம்மா அனுப்பிய குரல் மகனின் போனில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அந்த உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சாட், இன்க்ளூட் மீடியா என்று போனால் மொத்தமாக ஒரு கோப்பு கிடைக்கும். மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள்தான் வரும். அதற்கு முந்தையவை ஆண்ட்ராய்டு, மீடியா கோப்புறைகளுக்குள் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற கோப்புறையில் இருக்கும். கோப்பின் பெயரில் தேதி உண்டு, பேசியவர் பெயர் இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். துக்க வீட்டில் அது லேசான வேலையல்ல, நெருங்கிய உறவு அல்லாத ஒருவரிடம் கொடுப்பது நல்லது. இந்தக் குரல்கள் ஓபஸ் வகைக் கோப்புகள், சில பிளேயர்களில் ஓடாது, விஎல்சி பிளேயரில் ஓடும். பென்டிரைவ் ஒன்றிலும் வேறொரு கணினியிலும் பிரதி வையுங்கள். தானாக மறையும் செய்தி வசதி போட்டிருந்தால் முதல் வேலையாக அந்தக் குரல்களை அழுத்திப் பிடித்து ‘கீப்’ கொடுங்கள். வசதியை அணைத்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே வந்தவை கெடு வந்ததும் போய்விடும்.

இறந்தவர் போனிலிருந்து யுபிஐ மூலம் பணம் எடுக்காதீர்கள். பணம் நியமனதாரரோ வாரிசோ வங்கியில் கேட்டுப் பெற வேண்டியது.

உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியதும் உண்டு. கூகுளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ பகுதியில் 3 முதல் 18 மாதம் வரை கெடு வைத்து, அதுவரை கணக்கு பயன்படாமல் கிடந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 10 பேர் வரை குறிப்பிடலாம். ஃபேஸ்புக்கில் நினைவுப் பக்கத்துக்கு ஒருவரை நியமித்தால் அவர் பக்கத்தைப் பராமரிப்பார், தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இறப்புச் சான்றிதழ் வழங்கும் உள்ளாட்சி அலுவலகங்கள் 90, 120 என்ற இந்த இரண்டு கெடுவையும் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டுச் சான்றிதழோடு கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கைபேசி பழுதுபார்ப்போர் சிலர்,
மார்த்தாண்டம்