ஸ்கோர் கார்டை அனுப்பு

திண்டுக்கல்
மார்ச் 27

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. தம்பிக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாயிற்று. போன் எடுத்ததும் நீ கேட்பது அதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறேன், ரூமில் எல்லாரும் சாப்பிடுங்கள்.

எம்.டெக். சேர நீ எழுதிய கேட் தேர்வின் முடிவு வந்துவிட்டதாக ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். நீ சொல்கிறபோது சொல், நான் கேட்கவில்லை. மார்க் எதுவானாலும் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஸ்கோர் கார்டை மே 31க்குள் இறக்கி வைத்துக்கொள், அதற்குமேல் போனால் பணம் கட்டச் சொல்வார்கள். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்று ஒரே கலந்தாய்வு. ஐ.ஐ.டி. அப்படியில்லை. ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட வேண்டும், அதோடு ஐ.ஐ.டி.கள் இடம் தருவதைக் காட்டும் பொதுத் தளமான கோப்பிலும் பதிந்தால்தான் இடம் கிடைத்ததா என்று பார்க்கவே முடியும். கோப்பில் மட்டும் பதிந்துவிட்டு ஐ.ஐ.டி.க்கு விண்ணப்பிக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் உண்டு. இடம் வந்தால் மூன்று பொத்தான் இருக்கும்: ஏற்று முடித்துக்கொள்வது, வைத்துக்கொண்டு காத்திருப்பது, மறுத்துவிட்டுக் காத்திருப்பது. மறுத்த இடம் திரும்ப வராது. எதையும் அழுத்தாமல் நேரத்தைக் கடத்தினாலும் அது கைவிட்டுப் போகும். அரசு நிறுவன வேலைக்குப் பெரும்பாலும் அந்த வருட ஸ்கோரைத்தான் எடுப்பார்கள், அங்கே மூன்று வருடக் கணக்கு பேசாது.

இனி அந்த வேலை. ஆர்டர் வந்த அன்று அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். எனக்கும் பெருமைதான், கேம்பஸில் முதல் கம்பெனியிலேயே எடுத்துவிட்டார்களே! ஆனால் வருடத்துக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று நீ கணக்குப் போட்டிருந்தால் அது தப்பு. நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன். பேசிக் 15,000. கம்பெனி பங்கு பி.எப். 1,800, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை 721, வருடக் கடைசியில் கொடுத்தால் உண்டு என்கிற வேரியபிள் மாதம் 2,000. இந்த மூன்றும் 30,000க்கு உள்ளேயே இருக்கின்றன. உன் பங்கு பி.எப். 1,800ஐயும் கழித்தால் கைக்கு வருவது 23,679. கிராஜுவிட்டி ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் கிடைக்கும். சென்னையில் வாடகை, சாப்பாடு, பஸ் போக நீ வீட்டுக்கு என்ன அனுப்ப முடியும் என்று நீயே பார்.

எம்.டெக். பக்கத்தையும் அதே மாதிரி பார். கேட் மூலம் சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை, 24 மாதத்துக்கு 2,97,600. அதற்கு வாரம் எட்டு மணி நேரம் லேபிலோ வகுப்பிலோ துறைக்கு வேலை செய்ய வேண்டும். என்.ஐ.டி.யில் கற்பிப்புக் கட்டணம் வருடத்துக்குச் சுமார் 70,000. ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்தாலும் உதவித்தொகை பெரும்பகுதியைத் தாங்கிவிடும். முதல் சில மாதம் தொகை தாமதமாக வரும், அதற்கு மட்டும் கையில் பணம் வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பான்சர் சீட், செல்ஃப் பைனான்ஸ் சீட்டுக்கு இந்தத் தொகை கிடையாது. அந்தப் பக்கம் போகாதே.

மார்க் குறைந்திருந்தால் நீ அன்றைக்கே போன் பண்ணி அழுதிருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை? நன்றாக வந்திருக்கிறது, அதனால்தான் சொல்லாமல் இருக்கிறாய். நீ வீட்டுக் கணக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டாய். இந்தப் படிப்புக்கு வீட்டுப் பத்திரம் வெளியே போக வேண்டியதே இல்லை. கடன் தேவைப்பட்டாலும் 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்கு சொத்து அடமானம் கிடையாது, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. வீட்டுக்காகப் படிப்பை விட்டேன் என்று நாளைக்கு ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால் என்னால் தாங்க முடியாது.

வேலைக்கே போவதென்றாலும் போ, எனக்கு வருத்தமில்லை. அது பிடித்துப் போவதாக இருக்க வேண்டும். பவர் எலெக்ட்ரானிக்ஸ் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவிட்டு, டெஸ்டிங் வேலையில் உட்கார்ந்தால் அது கையைவிட்டுப் போய்விடும். எம்.டெக்.கிலும் கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துக் கிடைத்த பிரிவில் சேராதே. அந்தப் பிரிவில் போன வருடம் எந்தக் கம்பெனிகள் வேலைக்கு எடுத்தன, லேபில் என்ன செய்கிறார்கள் என்று அங்கே படிக்கிறவர்களிடம் கேள்.

ஜூலை வரை இரண்டையும் கையில் வைத்துக்கொள். ஆர்டரில் சேரும் தேதி போடவில்லை, அதை நம்பிக் கலந்தாய்வை விட்டுவிடாதே. பாண்டு பேப்பர் சேருகிற அன்றுதான் நீட்டுவார்கள். எத்தனை வருடம், விலகினால் எவ்வளவு என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதே. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதே. காட்டு, சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள். ஒரிஜினல் போனால் கலந்தாய்வும் போச்சு.

இன்னொன்று, இது என் மேசைக்கு வருகிற விஷயம். நம் பி.சி. சான்றிதழ் மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ், மத்திய நிறுவனங்களில் செல்லாது. ஓ.பி.சி. சான்றிதழ் தனி, மத்திய அரசு படிவத்தில் இருக்க வேண்டும், ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு தேதி போட்டிருக்க வேண்டும். போன வருடம் வாங்கியதைக் கொண்டுபோனால் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஜூனில் அழுதுகொண்டு வருகிறவர்கள் முக்கால்வாசி இதற்குத்தான். என் சம்பளத்தையும் கூட்டி ஓ.பி.சி. வருமான வரம்பான 8 லட்சத்தைத் தாண்டுமோ என்று பயப்படாதே. அந்தக் கணக்கில் சம்பளம் சேராது, என் பதவியைத்தான் பார்ப்பார்கள், நான் குரூப் சி. நம் கடை வருமானம் மட்டும்தான் சேரும். இ-சேவையில் போட்டால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் பார்த்து மேலே வர நாளாகும். ஏப்ரல் முதல் வாரமே போட்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உன் இனிஷியல் பின்னால் இருக்கிறது, ஆதாரில் முன்னால் இருக்கிறது. எந்த மாதிரி கேட் விண்ணப்பத்தில் போட்டாய் என்று சொல், அதே மாதிரி இதிலும் போட வேண்டும்.

மார்க் ஷீட், ஆதார், போட்டோ, ஸ்கோர் கார்டு நான்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஓ.பி.சி.க்கு ஸ்கோர் கார்டு தேவையில்லை. எனக்குத் தேவை.

அன்புடன்,
அம்மா