பில்லில் பார்க்க வேண்டிய கட்டம்

கொழிஞ்சாம்பாறை
மாசி 12

கண்ணு,

நீ எர்ணாகுளத்திலிருந்து அனுப்பின மளிகை பில் போட்டோவை வரி வரியாகப் படித்துவிட்டேன். "காசு எங்கே போகுதுன்னே தெரியலப்பா" என்று கேட்டிருக்கிறாய். அடியில் இருக்கும் மொத்தத்தை விடு. எடைக் கட்டத்தைப் பார்.

சீரகம் 10 ரூபாய் பாக்கெட் ஆறு, மிளகு நான்கு. இந்தப் பாக்கெட்டில் விலை ஏறுவதில்லை, எடைதான் இறங்கும். போன வருஷத்து 10 ரூபாய்க்கும் இந்த வருஷத்து 10 ரூபாய்க்கும் கிராம் வேறு. பாக்கெட்டின் பின்புறம் எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று அச்சடித்திருக்கும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் கிலோவுக்கு இவ்வளவு என்று இருக்கும். சிறிய பாக்கெட்டையும் பெரிய பாக்கெட்டையும் அந்த எழுத்தை வைத்து ஒப்பிடு. "ஃபேமிலி பேக்" எப்போதும் மலிவு என்று நினைக்காதே, சில சரக்கில் நேர்மாறாக இருக்கும்.

எண்ணெயிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் இருக்கும். ஒரு கவரில் லிட்டர் கணக்கு, பக்கத்துக் கவரில் 850 கிராம், விலையில் நாலைந்து ரூபாய் வித்தியாசம். 850 கிராம் என்பது 930 மில்லிதான். டின் வாங்கினால் 15 கிலோவா 15 லிட்டரா என்று கேட்டு வாங்கு. 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் வரும். ஆனால் உங்கள் இரண்டு பேருக்கு டின் வேண்டாம். பாதிக்கு வருமுன் காறல் வாடை அடித்துவிடும்.

தேங்காய்க் கணக்கு உனக்குப் புதுசு. பொள்ளாச்சிப் பக்கம் காய்க்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார்கள், எர்ணாகுளத்தில் எடை போட்டுக் கொடுப்பார்கள். எண்ணி வாங்கும்போது கனமான காயை எடுக்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். எடை போடும் கடையில் அதையே செய்தால் தண்ணீருக்குத் தேங்காய் விலை கொடுப்பாய். அங்கே காயைக் காதோரம் ஆட்டிப் பார். தண்ணீர் களக் களக் என்று ஆடினால் முற்றிய காய், தண்ணீர் சுண்டிப் பருப்பு தடித்திருக்கும். சத்தமே இல்லாமல் கனத்தால் இளசு, அரைத்தால் பால் வராது. சத்தமும் இல்லை, கனமும் இல்லை என்றால் தொடாதே. உடைத்த பிறகு கண் உள்ள மூடியை முதலில் துருவு, அதுதான் முதலில் கெடும்.

புளி. கொட்டைப் புளி கிலோ 130, கொட்டை எடுத்தது 200 என்று வைத்துக்கொள். பார்த்தவுடன் கை முதலாவதுக்குத்தான் போகும். கொட்டைப் புளி ஒரு கிலோவில் சதை 600 கிராம்தான் தேறும். 130-ஐ 0.6-ஆல் வகுத்தால் சதை கிலோ 216 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதற்குக் கீழே கிடைக்கிறவரை கொட்டை எடுத்ததையே வாங்கு. மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி சிவந்திருக்கும், விலையும் இறங்கும். கல் உப்பு கலந்து பீங்கான் ஜாடியில் அழுத்தி வை. அங்கே பரணி என்று கேள். எவர்சில்வர் டப்பாவில் வைக்காதே, புளியும் உப்பும் சேர்ந்தால் அதையும் அரித்துவிடும்.

அரிசிக்கு ஒரு விஷயம். அடைத்துப் பெயர் போட்ட அரிசி, பருப்பு மூட்டை 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் இது நடைமுறை. அதனால்தான் கடையில் 26 கிலோ மூட்டை அடுக்கியிருக்கிறார்கள், அதற்கு அந்த வரி இல்லை. மூட்டை பிரித்து எடை போட்டுக் கட்டிக் கொடுக்கும் பருப்புக்கும் இல்லை. ஒரு நாளைக்கு 300 கிராம் வடித்தால் 26 கிலோ மூன்று மாசத்துக்குச் சற்றுக் குறைய வரும். பங்குனியில் வாங்கு, வைகாசிக்குப் பிறகு வாங்காதே. வண்டு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. முட்டை மணியிலேயே இருக்கும், சூடும் ஈரமும் சேர்ந்தால் பொரிக்கும். வசம்பும் வேப்பிலையும் போட்டால் புதிதாக வருவது குறையும், உள்ளே இருக்கும் முட்டை சாகாது. பருப்பை வாங்கியவுடன் கட்டியபடியே நாலு நாள் ஃப்ரீசரில் வை. எடுத்ததும் பிரிக்காதே. குளிர் விட்ட பிறகு பிரித்துக் கொட்டு, இல்லையென்றால் பருப்பே வியர்த்து நனைந்துவிடும்.

உன் பில்லில் என்னை உறுத்தியது குழம்புத் தூள்தான். 100 கிராம் பாக்கெட் ஏழு! மிளகாய் அரைக் கிலோ, மல்லி ஒரு கிலோ, விரலி மஞ்சள் 50 கிராம், இதை மில்லில் அரைத்தால் ஒன்றரைக் கிலோத் தூள். மிளகாயைக் கையில் எடுத்து ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், அதுவரை வெயிலில் காயவை. காம்பை அரைக்கும் அன்று கிள்ளினால் போதும். முன்னாலேயே கிள்ளினால் அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி உள்ளே கறுக்கும். மில்லிலிருந்து சூடாக வந்த தூளை அப்படியே டப்பாவில் அடைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. மூடிக்கடியில் ஆவி நீராகக் கட்டும், பத்தே நாளில் கட்டியும் பூஞ்சையும். பேப்பரில் பரப்பி, உள்ளங்கை வைத்தால் சூடு தெரியாத அளவு ஆறிய பிறகு அடை.

கேரள அரசின் மாவேலி ஸ்டோரில் ரேஷன் அட்டைக்கு 13 சாமான் மானிய விலையில் உண்டு. வன்பயறு (சிவப்புத் தட்டைப்பயறு), சர்க்கரை, தேங்காயெண்ணெய் எல்லாம் அதில் வரும். உன் பெயர் இன்னும் நம் அட்டையில்தான் இருக்கிறது. அரசு மனுக்களைப் பதியும் அக்ஷயா சென்டருக்கு ஒருநாள் போய் மாப்பிள்ளை அட்டைக்கு மாற்றிக்கொள். எல்லாச் சரக்கும் எப்போதும் இருக்காது, லோடு வந்ததா என்று விசாரித்துவிட்டுப் போ.

காய்கறிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலந்தாவளம், ஒட்டன்சத்திரம் சந்தைகளிலிருந்து ஏறுகிற காய்தான் அங்கேயும் வருகிறது. ஓணத்துக்குப் பத்து நாள் முன்பே சேனை, இளவன் (வெள்ளைப் பூசணி), மத்தங்காய் (மஞ்சள் பூசணி) வாங்கி வைத்துவிடு, அவை தாங்கும். உரித்த சின்ன வெங்காயம், நறுக்கிய அவியல் காய் இரண்டையும் வாங்குவதை விட்டுவிடு. வேலை முடிந்து வரும் அலுப்பு எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை உட்கார்த்தி உரிக்கச் சொல்.

மிளகாயும் மல்லியும் வருஷத்துக்கு மொத்தமாக இங்கேயே வாங்கி வைக்கிறேன். நம் ஊர்ப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கெடாது, எர்ணாகுளத்துக் கர்க்கடக (ஆடி) மழையில் நிச்சயம் கெடும். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை அரைத்து அனுப்புகிறேன். முதல் ஒன்றரைக் கிலோ சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறது. டப்பாவைக் கழுவி இன்றைக்கே வெயிலில் வை, ஈரம் இருக்கக் கூடாது.

அப்பா